பதினோரு சில்லுகள்

சென்ற திங்களின் கடைசி வாரத்தில் முனிர்காவிலிருந்து நமக்கு ஒரு பொட்டலம் வந்து சேர்ந்தது. மலை மந்திருக்கு வழிபட வந்த அன்பர் ஒருவர் அதை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழைய நூற்புடவைக் கிழிசலில் நாலைந்து சுற்றுச் சுற்றி, சணற்கயிறு கட்டி, “மெல்லப் பிரிக்கவும், விரலைக் கிழிக்கும்” என்று ஒரு சீட்டும் செருகியிருந்தார்கள். பிரித்தோம். உள்ளே ஒரு நீண்ட கடிதமும், நீலமும் வெண்மையுமான பதினோரு பீங்கான் சில்லுகளும் இருந்தன.

கடிதம் எழுதியவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார்; முனிர்கா டி.டி.ஏ. வீடுகளில் ஒன்றில் வாழ்கிறவர். நம் இதழைப் பல்லாண்டுகளாகப் படித்து வருகிறவர். இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் தில்லிக் குளிரில் இட்லி மாவைப் புளிக்க வைப்பது எப்படி, இந்தியிலேயே பேசித் திரியும் பேரனுக்குத் தமிழெழுத்தை அறிவிப்பது எப்படி என்னும் வகையைச் சேர்ந்தவை. இக்கடிதம் வேறு வகையானது. அவர் கேட்டிருந்ததன் சுருக்கம் இது:

“எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் குடும்பத்தோடு வந்த தட்டு உடைந்துவிட்டது. குப்பையில் போட மனம் வரவில்லை. கபாடிக்காரன் இரும்பை எடுக்கிறான், காகிதத்தை எடுக்கிறான். பீங்கானைக் கண்டால் கையை விரிக்கிறான். உடைந்த பீங்கானை அறுத்துப் பதக்கமும் தோடும் செய்கிறார்களென்று என் பேத்தி கைப்பேசியில் படம் காட்டினாள். என் நாத்தனார் சென்னையில் இருக்கிறார். மகள் டொராண்டோவில் இருக்கிறாள். ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று ஓர் ஆசை. ஆனால் உடைந்த பொருளை வீட்டில் வைத்திருப்பதே ஆகாது என்பார்கள் பெரியோர்கள். அதைக் கழுத்தில் அணிவது முறையாகுமா?”

இவ்வளவும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, கீழே சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. “தட்டைக் கை தவறிப் போட்டது எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். அன்றைக்குப் போனவள் ஐந்து நாளாக வரவில்லை. நான் அவளை ஒன்றும் திட்டவில்லை. ‘ஐயோ’ என்று மட்டுமே சொன்னேன்.”

சில்லுகளைப் பற்றிக் கடிதத்தில் எழுதி முடிக்க இயலாதென்று தோன்றவே, பொட்டலத்தோடு அடுத்த ஞாயிறன்று நாமே முனிர்காவுக்குச் சென்றோம். இப்போது மெட்ரோ வந்துவிட்டதால் அங்கே போவது எளிது.

தட்டின் வரலாற்றை அம்மையார் வாயிலாகவே கேட்டோம். அவருடைய மாமனார் நடுவண் அரசின் செயலகத்தில் எழுத்தராகத் தில்லிக்கு வந்தவர். 1947-இல் ஆங்கிலேய அதிகாரிகள் தாயகம் திரும்பியபோது, அவர்களிற் பலர் தட்டுமுட்டுச் சாமான்களை இங்கேயே விற்றுவிட்டுக் கப்பலேறினர். அப்படி விற்ற ஒருவரிடமிருந்து மாமனார் ஆறு தட்டுகளை வாங்கி வந்தார். என்ன விலை கொடுத்தார் என்பதை மனைவியிடம் கடைசி வரையில் அவர் சொல்லவில்லையாம். அந்த அம்மையோ தட்டுகளைச் சமையலறைப் பக்கமே அண்ட விடவில்லை. “மாட்டெலும்பைச் சுட்டுச் செய்கிற தட்டாமே!” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சைவ உணவு உண்ணும் குடும்பம். எலும்பு என்ற பின் வேறு பேச்சுண்டா? அன்று முதல் அவை அலமாரியின் மேலேயே இருந்தன. கொலுப்படியில்கூட அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆயினும் அவற்றை எறியவும் இல்லை. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து லோதி காலனிக்கு, அங்கிருந்து இராமகிருஷ்ணபுரத்துக்கு, பணி ஓய்வுக்குப்பின் முனிர்காவுக்கு என்று குடும்பம் மாறிய போதெல்லாம் தட்டுகளும் வைக்கோல் சுற்றி உடன் வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்றோ இரண்டோ குறைந்தன. முனிர்காவுக்கு வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்றை நாத்தனார் கேட்டு வாங்கிப் போனார்; அது சென்னையில் உடைந்தது. மிஞ்சிய ஒன்றுதான் நம் பொட்டலத்தில் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அதில் ஒரு பருக்கை சோறும் விழுந்ததில்லை.

நாம் சில்லுகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். எலும்புச் சாம்பல் சேர்த்த பீங்கான் உலகில் உண்டு, அதில் ஐயமில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசையா ஸ்போடு என்பவர் அதனைச் செம்மைப்படுத்தினார். ஏறத்தாழச் சரிபாதி எலும்புச் சாம்பல். மீதி வெண்களிமண்ணும் ஒருவகைக் கல்லின் பொடியும். போன் சைனா என்று நாம் கடைகளில் கேட்பது அதுவே. அதனை அறிவது கடினமன்று. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலுள்ள விரலின் நிழல் தெரியும். உடைந்த விளிம்பு கண்ணாடி போல வழுவழுவென்று வெண்மையாக இருக்கும்; ஒரு சொட்டு நீர் விட்டால் உருண்டு ஓடிவிடும்.

அம்மையாரின் தட்டு அப்படியில்லை. விளக்கின்முன் பிடித்தோம், ஒளி சிறிதும் ஊடுருவவில்லை. விளிம்பு பழுப்பேறி மணல் போல் சொரசொரவென்றிருந்தது. விட்ட நீர்ச்சொட்டை அது உடனே உறிஞ்சிக் கொண்டது. மேற்பூச்சிலும் சிலந்தி வலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் ஓடின. இது வெறும் சுடுமண் தட்டு. வெண்களிமண்ணும் சுட்டுப் பொடித்த சிக்கிமுக்கிக் கல்லும் கலந்து வனைந்து, மேலே கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சூளையிலிட்டது. எலும்பு இம்மியும் இல்லை.

இதைச் சொன்னதும் அம்மையார் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு சிரித்துவிட்டார். “மாமியார் உயிரோடிருந்தால் நீங்கள் இதைச் சொல்லித் தப்பியிருக்க முடியாது, ஆங்கிலேயன் பொய் சொல்லி விற்றான் என்றிருப்பார்” என்றார்.

தட்டிலிருந்த சித்திரமும் பெரும்பாலோர் அறிந்ததே. வில்லோ மரம், வளைந்த பாலம், பாலத்தின்மேல் மூன்று பேர், சீன மாளிகை, வானத்தில் இரு பறவைகள். பார்ப்பவர்கள் சீனத்தில் தீட்டியது என்றெண்ணுவார்கள். அது சீனச் சித்திரங்களைப் பார்த்து இங்கிலாந்தில் கட்டிய கற்பனை. ஓடிப்போன காதலர் இருவர் பறவைகளானார்கள் என்று சொல்லப்படும் கதையும் தட்டுக்குப் பின் பிறந்தது. விற்பனைக்கு அது பெரிதும் உதவிற்று. படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, நீல மையிட்டு, மெல்லிய தாளில் எடுத்து, ஈரம் காயுமுன் தட்டின்மேல் ஒற்றுவார்கள். அதன்மேல் கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சுடுவார்கள். படம் பூச்சுக்கு அடியில் இருப்பதால் எத்தனை முறை துடைத்தாலும் அழிவதில்லை. இந்நகை வேலைக்கு இத்தகைய தட்டே உகந்தது. பூச்சுக்கு மேலே தீட்டிய பொன்வரியும் வண்ணப் பூவும் அறுக்கும்போதே உதிரத் தொடங்கும்.

வெண்மையில் நீலம் தீட்டும் கலை சீனத்தில் செழித்தது. பாரசீகத்திலிருந்து போன கோபால்ட் அதற்கு நீலம் தந்தது. பீங்கான் என்னும் சொல்லையும் நாம் பாரசீகத்திலிருந்துதான் பெற்றோம். அச்சீனப் பீங்கான் நம்மவர்க்குப் புதியதன்று. இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. தில்லியிலோ துக்ளக் காலத்து அரண்மனைப் பகுதியில், பதினான்காம் நூற்றாண்டுச் சீனத் தட்டுகளும் கிண்ணங்களும் எழுபதுக்கும் மேற்பட்டவை உடைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன. உருவச் சித்திரம் ஆகாது என்று கருதிய பிரோசு ஷா துக்ளக்கின் காலத்தில் அவை வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளனர். அம்மையாரின் மாமியார் அலமாரிக்கு மேலே வைத்ததோடு விட்டார். அவ்வளவில் தட்டு தப்பியது.

இங்கே ஒரு சொல். முனிர்காவைச் சுற்றிப் பழைய கும்மட்டங்களும் படிக்கிணறும் உள்ளன. நம் பிள்ளைகள் அங்கெல்லாம் விளையாடுவார்கள். பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னங்களில் ஓர் ஓட்டுத் துண்டையும் எடுத்து வரலாகாது. அது சட்டப்படி குற்றம், வரலாற்றுக்கும் இழப்பு. நகை செய்ய உங்கள் வீட்டில் உடைந்ததே போதும்.

இனி, உடைந்ததை அணியலாமா என்ற வினா. அம்மையார் இதை எளிதாகக் கேட்கவில்லை என்பதை அவர் முகத்தில் கண்டோம். விரிசல் கண்ட கண்ணாடியையும் ஓட்டைப் பானையையும் வீட்டில் வைத்திருக்கலாகாது என்ற வழக்கு பொருளில்லாததன்று. கீறும், ஒழுகும், அழுக்குத் தங்கும். ஆனால் அறுத்துத் தேய்த்து மெருகிட்ட ஒன்றை உடைந்த பொருள் என்று சொல்வதற்கில்லை. கொற்கையில் அறுத்த சங்குகள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. முழுச் சங்கை அறுத்தாலல்லவா வளை? வங்கத்து மணமகள் அணியும் சங்கு வளையும் அவ்வாறு அறுத்ததே. அதைவிட மங்கலமான அணி அந்நாட்டில் இல்லை. கீழடியில் நம் முன்னோர் உடைந்த பானை ஓடுகளை வட்டமாகத் தேய்த்து விளையாட்டுச் சில்லுகளாக்கி வைத்திருந்தனர். நூற்றுக்கணக்கில் அவை கிடைத்துள்ளன. பானை உடைந்தால் அழுதுவிட்டு எறிந்துவிடும் பழக்கம் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அயல்நாட்டில் வேண்டுமாயின் பாங்காக் நகரத்து வாட் அருண் கோயிலைச் சொல்லலாம். ஆற்றங்கரையில் வானளாவ நிற்கும் அதன் கோபுரம் முழுவதும் உடைந்த சீனப் பீங்கானால் பூவேலை செய்யப்பட்டது. வழிபாட்டிடத்துக்கு ஆகுமென்றால் ஒரு பெண்ணின் கழுத்துக்கு ஆகாதா?

நமக்கு இவற்றையெல்லாம்விட நெருங்கிய சான்று சண்டிகரில் உள்ளது. நேக் சந்த் 1924-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஊர் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1947-இல் குடும்பத்தோடு பெயர்ந்து வந்து, பின்னர்ச் சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றினார். புதிய நகரத்தைக் கட்டுவதற்காகப் பழைய சிற்றூர்களை இடித்துக் கொண்டிருந்த காலம் அது. இடிபாடுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான் கோப்பைகளையும் மிதிவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அரசுக் காட்டில் ஒருவரும் அறியாமல் ஆடவரும் பெண்டிரும் விலங்குமாகச் சிலைகள் செய்து நிறுத்தினார். பல்லாண்டுகள் கழித்தே அதிகாரிகள் கண்டனர். அனுமதியில்லாமல் எழுந்தது, இடித்திருக்கலாம், நல்லவேளையாக இடிக்கவில்லை. 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது, 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது, 2015-இல் மறைந்தார். நம் வாசகர்களிற் பலர் பிள்ளைகளோடு அங்கே போய்ப் படம் எடுத்து வந்திருப்பார்கள். ஊர் இழந்து வந்த ஒருவர் கட்டிய தோட்டம் அது என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொன்னோம்?

ஒன்றை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. இந்நகைக்கு மேலைநாடுகளில் ஆதரவு பெருகியதால், உடையாத பழந்தட்டுகளை விலைக்கு வாங்கி வேண்டுமென்றே உடைத்துப் பதக்கமாக்கி விற்கிறவர்களும் உள்ளனர். அதில் நமக்கு மனம் ஒப்பவில்லை. விபத்தில் உடைந்ததை எடுத்தணிவது வேறு. அணிவதற்காக உடைப்பது வேறு.

செய்முறைக்கு வருவோம். அம்மையாரின் பேத்தி கல்லூரியில் படிப்பவள், கைவேலையில் ஆர்வமுள்ளவள். பால்கனியில் ஒரு பலகை போட்டு, கருவிகளையும் வாங்கி வைத்துவிட்டாள். அவள் செய்து பார்த்ததையும் நாம் அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில் எந்தப் பகுதி வேண்டுமென்று தெரிய வேண்டும். தட்டின் நடுப்பகுதி சமதளமாக இருக்கும். அங்கிருந்து பதக்கம் எடுக்கலாம். ஓரக்கரையில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவதால் இணைத்தோடுகளுக்கு அது பொருந்தும். வடிவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு, தரை ஓடு பதிப்பவர்கள் வைத்திருக்கும் சக்கரக் குறட்டால் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாகக் கடித்தெடுக்க வேண்டும். ஒரே கடியில் முழு வடிவமும் வர வேண்டுமென்று ஆசைப்பட்டால் பறவையின் கழுத்தின் குறுக்கே விரிசல் ஓடும். சுத்தியலை எடுக்கவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடிக் கவசம் இன்றியமையாதது. தெறிக்கும் துண்டு ஊசி போன்றது.

அடுத்தது தேய்ப்பு. வைரத்தூள் பதித்த சக்கரமோ, அத்தூள் ஒட்டிய அரமோ வேண்டும். சாதாரண எஃகு அரம் பூச்சின்மேல் வழுக்கும். சக்கரம் எப்போதும் நீரில் நனைந்து கொண்டேயிருக்க வேண்டும். இதைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் கைப்பேசிப் படங்களிற் சில இதைக் காட்டுவதேயில்லை.

பீங்கானிலும் சுடுமண்ணிலும் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து நுரையீரலில் தங்கும். தங்கியதை உடல் வெளியேற்ற இயலாது. மெல்ல மெல்ல நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். போன நுரையீரலைத் திருப்பித் தரும் மருந்து இல்லை. அம்மையாரின் தட்டு பிறந்த இங்கிலாந்திலே, குயவர்கள் இந்நோயால் மடிந்தார்கள். பொடித்த சிக்கிமுக்கிக் கல்லே அதற்குக் காரணம். நம் நாட்டில் குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லைத் தேய்த்து மாலைமணி செய்யும் குடும்பங்கள் இன்றும் இதே நோயால் துன்புறுகின்றன. அங்கே பட்டறை பெரும்பாலும் வீடேதான். தேய்ப்பவருக்கு அருகில் குழந்தை உறங்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இந்நோயை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்திருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணைக்குத் தொழிற்சாலைச் சட்டம் வந்ததில்லை.

ஒன்றிரண்டு பதக்கம் செய்கிறவர் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்தால் போதும். நீரோடு தேய்க்க வேண்டும். மூக்கும் வாயும் மூடும் நல்ல என்-95 கவசம் அணிய வேண்டும்; முந்தானையைச் சுற்றிக் கொள்வது பயன்படாது. குழந்தைகள் அருகில் இருக்கலாகாது. வேலை முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சேற்று நீரைத் தொட்டியில் ஊற்றாமல் தெளிய வைத்து, அடிமண்ணை ஈரமாகவே பொட்டலமாகக் கட்டி எறிய வேண்டும். பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கலாம். ஆகவே கையைக் கழுவாமல் காப்பிக் கோப்பையைத் தொட வேண்டாம். எதையும் வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைக்கு இந்நகையை அணிவிக்கவும் வேண்டாம்.

விளிம்பு வழுவழுப்பானதும் கழுவி இரண்டு மூன்று நாள் உலர விட வேண்டும். சுடுமண் நீரை உறிஞ்சியிருக்கும். ஈரத்தோடு சட்டமிட்டால் பின்னர்க் கறை தோன்றும். மேலைநாட்டினர் பலர் ஓரத்தில் செப்புப் பட்டை ஒட்டி அதன்மேல் வெள்ளீயம் உருக்கிப் பூசுகிறார்கள். மலிவானது, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ரேடியோ பழுது பார்ப்பவர் கடையில் விற்கும் பற்றுக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும்; தோலில் படும் நகைக்கு அது வேண்டாம். நாம் வெள்ளியையே பரிந்துரைத்தோம். சாந்தினி சௌக்கில் தரிபா கலான் வெள்ளிக்குப் பேர்போன தெரு. கல் பதிக்கத் தெரிந்தவர்க்குப் பீங்கான் பதிப்பது புதிய வித்தை அன்று. சில்லின் வடிவத்துக்கேற்ப மெல்லிய வெள்ளிப் பட்டையை வளைத்துப் பற்றாசு வைத்து, வளையமும் சேர்த்து முடித்த பிறகே சில்லை உள்ளே வைத்து, விளிம்பை மெல்ல அழுத்தி மடக்குவார். சில்லை வைத்துவிட்டு நெருப்புக் காட்டினால் பூச்சு வெடித்துவிடும். பொருத்தியபின் பழுது நேர்ந்தாலும் இதை நினைவில் வைத்து, சில்லைக் கழற்றச் சொல்லியே பற்றவைக்கக் கொடுங்கள்.

இவ்வளவும் பேசி முடித்தபின், கடிதத்தின் அடியிலிருந்த அந்த இரண்டு வரிகளைப் பற்றிக் கேட்டோம்.

அப்பெண் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர். முனிர்கா கிராமத்தில், அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும் வீடுகளுள் ஒன்றில் மூன்றாம் மாடியில் ஓரறையில் கணவரோடும் மகளோடும் வாழ்கிறார். இவ்வீட்டில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. அம்மையாரின் பேச்சில் அவர்மீது சினம் சிறிதும் இல்லை. “திட்டவில்லையே, ஏன் வராமலிருக்கிறாள்?” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாம் ஒன்று கேட்டோம்: இதற்குமுன் எப்பொழுதேனும் ஏதேனும் உடைந்து, அதற்காகச் சம்பளத்தில் பிடித்ததுண்டா?

அம்மையார் சன்னலைப் பார்த்தார். பேத்திதான் விடை சொன்னாள். “மிக்ஸி ஜாருக்குப் பிடித்தீர்களே, பாட்டி. மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக.”

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இவ்வழக்கம் உண்டென்பதை அறிவோம். ஆதலின் மறைக்காமல் எழுதுகிறோம். வீட்டிலுள்ள பாத்திரங்கள் அனைத்தையும் நாள்தோறும் கழுவுகிறவர் கையில்தான் ஏதேனும் உடையும். கழுவாதவர் கையில் எப்படி உடையும்? நாமே கழுவி உடைத்தால் நம் சம்பளத்தில் எவரும் பிடிப்பதில்லை. ஒரு மிக்ஸி ஜாருக்கு மூன்று மாதம் என்றால், ஆங்கிலேயன் வீட்டுத் தட்டுக்கு எத்தனை ஆண்டு என்று அப்பெண் கணக்குப் போட்டிருப்பார். ‘ஐயோ’ என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமாயிருந்திருக்கும். பதக்கத்தைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம், முதலில் போய் அவரை அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோமோ என்று வழியெல்லாம் நினைத்துக் கொண்டோம்.

அடுத்த ஞாயிறன்று மீண்டும் அழைப்பு வந்தது. சென்றபோது வீட்டுக் கதவைத் திறந்தவர் அப்பெண்தான். முழங்கால் வலியோடு அம்மையார் அந்த மூன்று மாடியும் ஏறிச் சென்றிருந்தாரென்று பேத்தி மெல்லச் சொன்னாள். அங்கே என்ன பேசினார்கள் என்பதை நாம் கேட்கவில்லை. பழைய பிடித்தம் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பது மட்டும் நம் காதில் விழுந்தது.

பேத்தியும் நாமும் மேசையில் பதினோரு சில்லுகளையும் பொருத்திப் படத்தை முழுமையாக்க முயன்று கொண்டிருந்தோம். எது மாளிகையின் கூரை, எது வேலி என்று தெரியாமல் குழம்பினோம். பறவைகளைக் காணவேயில்லை. காப்பி கொண்டுவந்த அப்பெண் சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக் கொண்டு, நான்கைந்து துண்டுகளைத் திருப்பி நகர்த்தினார். பாலமும் மரமும் தத்தம் இடத்தில் வந்து நின்றன.

“இன்னும் ஒன்று இருக்க வேண்டுமே, அம்மா,” என்றார். “குருவி இரண்டும் இங்கே மேலே வரும். தினமும் துடைக்கிறேனே, எனக்குத் தெரியாதா?”

அவரே போய்ப் பீரோவுக்கு அடியில் துடைப்பத்தின் கட்டையை விட்டுத் துழாவினார். பன்னிரண்டாவது சில்லு தூசியோடு வெளியே வந்தது. இரண்டு பறவைகளும் பழுதின்றி இருந்தன.

இப்பகுதியை எழுதும்போது மூன்று பதக்கங்கள் வெள்ளிச் சட்டத்துக்குப் போயிருக்கின்றன. பாலம் டொராண்டோவுக்கு, மரம் சென்னைக்கு. பறவைகளை அம்மையார் அப்பெண்ணுக்கென்று சொன்னார். அவர் ஒப்பவில்லை. “கழுத்தில் போட்டுக் கொண்டு குனிந்து தேய்த்தால் மறுபடியும் உடையும், அம்மா. அதற்கும் நான்தான் உடைத்தேன் என்பார்கள்,” என்று சிரித்துக் கொண்டே சொன்னார். பிறகு மிச்சமிருந்த ஓரத்துண்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பது போல் பார்த்து, “இது கொடுத்தால் போதும். என் மகள் மாடியில் பாண்டி ஆடுகிறாள், நல்ல சில்லு கிடைக்கவில்லை என்று ஒரே தொல்லை,” என்றார்.

அம்மகளுக்குப் பத்து வயது. வாயில் வைக்கும் பருவமன்று. பேத்தி அத்துண்டை எடுத்துக் கொண்டு பால்கனிக்குப் போய், கவசம் அணிந்து, சக்கரத்தில் நீர் விட்டு, வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.